நிலவறைக்குள் நின்ற காற்று

"இறங்காதேங்கோ எண்டு சொல்லுறன், இஞ்சாருங்கோ, காதில விழுதோ..."

"தள்ளி நில்லு செலீனா. ரெண்டு நாளாக் கிண்டாமக் கிடக்குது, தோலெல்லாம் மேல வந்து மொத்தையாக் கட்டியிருக்கும்..."

"கட்டட்டும்! மெழுகுதிரி நூந்ததை உங்கட கண்ணாலதானே பாத்தனீங்கள்..."

"காத்துக்கு நூந்திருக்கும்."

"காத்தோ? உள்ளுக்கு ஏது காத்து? காத்து இருந்தா அது ஏன் நூருது?"

லோறன்ஸ் சாரத்தை மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டினான். பேச்சில் தோற்கிற இடத்தில் சாரத்தை மடித்துக் கட்டுவது கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவனுடைய பழக்கம்.

அரிப்புக் கிராமத்துக் கரையில், ஒல்லாந்தர் கிட்டங்கி என்று ஊர் சொல்லும் பழைய சரக்கறை இடிபாட்டின் வாசலில் இருவரும் நின்றார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அல்லிராணிக் கோட்டையைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்கு இப்பால் பற்றைக்குள் குந்தியிருக்கும் இந்தக் கிட்டங்கியை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. முருகைக்கல்லில் கட்டிய நாலு சுவரில் இரண்டுதான் மிச்சம். கூரை எப்போதோ போய்விட்டது. ஆனால் கீழே இருந்த நிலவறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொரு படி இறங்கினால், கன்னத்தில் ஈரத்துணியை ஒத்தியதுபோலக் குளிர்ந்து கிடக்கும் நீளமான அறை. முத்துக் குளித்த காலத்தில் அதற்குள் என்ன வைத்தார்களோ, சொல்ல இப்போது ஆள் இல்லை. உள்ளே போகக் கூடாது, எதையும் வைக்கக் கூடாது என்று மூன்று பாஷையிலும் எழுதிய தொல்பொருள் திணைக்களப் பலகை ஒன்று வாசலில் நட்டிருந்தது. அந்தப் பலகையைத் தாண்டித்தான் லோறன்ஸ் தன் நாலு நீலப் பரல்களையும், ஆள் இடுப்புயரப் பிளாஸ்டிக் பீப்பாய்கள், உருட்டி இறக்கியிருந்தான்.

பரலுக்குள் இருந்தது திராட்சை. ஊரில் அதற்கு முந்திரிகை என்று பேர். சங்கு குளிக்கிறவனாக இருந்து, ஒரு காது உடைந்து கடலை விட்ட பிறகு, வீட்டுக்குப் பின்னால், கிட்டங்கி வாசல்வரை நீண்ட அரை ஏக்கரில் தூண் நட்டுக் கம்பி இழுத்து அவன் பந்தல் போட்டான். உப்புக் காத்தில முந்திரிகையோ என்று சிரித்தவர்களின் கையில் குலைகுலையாகக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அந்த ஆசை பிடித்தது. கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்கு, எங்கள் கோவில் பீடத்தில், இந்த மண்ணில் விளைந்த திராட்சை இரசம் இருக்க வேண்டும். கலப்படம் இல்லாமல் செய்தால் சரி என்று ஆயரிடமிருந்து பங்குச் சுவாமியும் அனுமதி வாங்கித் தந்தார். போன வருசம் வீட்டுக்குள் வைத்ததெல்லாம் வெக்கையில் திரிந்து வினாகிரியாகப் போனது. செலீனா இன்னும் அதில்தான் அச்சாறு போடுகிறாள். இந்த வருசம் குளிர்ந்த இடம் வேண்டும் என்று நிலவறையைப் பிடித்தான்.

"பூசைக்கு ஒரு போத்தல் காணும். நாலு பரல் ஆருக்கு? கானாவூர்க் கலியாணமோ?" என்று அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"அங்கயும் ஆறு சாடி," என்று சொல்லிவிட்டு அவன் பரலை உருட்டினான்.

அதெல்லாம் சிரிக்கக்கூடிய காலத்துக் கதை. இப்போது அவளைக் குத்துகிற முள் வேறு. நிலவறைக்குக் காற்று வந்துபோன வழிகளை எல்லாம் அடைத்தது அவள்தான்.

சனிக்கிழமை லோறன்ஸ் விடத்தல்தீவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனான். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கிராம சேவகர் அவளைக் கண்டு, "செவ்வாய்க்கிழமை தொல்பொருள் ஆக்கள் வருகினம், கிட்டங்கியை அளக்கப் போகினமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அப்படிக் கேட்கவில்லை. நொதிக்கிற பழத்தின் வாசம் றோட்டு வரைக்கும் வந்து நின்றது. கந்தோர் உத்தியோகத்தன் ஒருவன் மூக்கை உறிஞ்சினால் போதும், பரலும் பிடிபடும், மனுசனும் பிடிபடுவான். அவள் அன்றைக்குப் பின்னேரமே சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு போனாள். தரையோடு இருந்த இரண்டு காற்றுத் துவாரத்தையும் உலக்கையால் குத்திக் குத்தி அடைத்தாள், மேலே களிமண் பூசினாள். கடல் பக்கத்துச் சுவரில் இருந்த சின்ன ஜன்னலுக்கு உடைந்த வள்ளத்துப் பலகையைச் சாத்தி, சுற்றிவரச் சாக்குத் திணித்தாள். படிவாசலைத் தகரத்தால் மூடினாள். வாசம் நின்றது. நிம்மதியாகப் படுத்து நித்திரை கொண்டாள்.

இன்றைக்குத் திங்கள். லோறன்ஸ் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தான். மேலே எழும்பி நிற்கும் தோலை ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடுப்பால் அமத்திக் கலக்க வேண்டும். இரண்டு நாள் கலக்காமல் விட்டால் மேல்மொத்தையில் புளிப்பு ஏறி எல்லாம் வினாகிரி. அவன் பின்னால் ஓடி வந்த செலீனா, நடந்ததைச் சொல்லி, பால்மா ரின்னுக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து நூலில் கட்டி இறக்கினாள். கிணறு இறைக்க வருகிற றஊப் நானா அப்படித்தான் செய்வார்.

ஆறாவது படிவரை வெளிச்சம் ஆடாமல் போனது. ஏழாவது படியில், தண்ணீரில் தோய்த்தாற்போல, பொக்கென்று அணைந்து நூந்தது.

"இன்னொருக்காக் காட்டுறன்," என்றாள் இப்போது. நெருப்புப் பெட்டியில் மூன்று குச்சி வீணானது. மறுபடி ரின் இறங்கியது. ஐந்து. ஆறு. ஏழாவது படி. பொக்.

"அதே இடம்," என்றாள். "பாத்தீங்களோ. கோடு போட்டமாதிரி அதே இடம்."

லோறன்ஸ் நூலை இழுத்து ரின்னை மேலே எடுத்தான். பிறகு, "ஆர் உன்னை அடைக்கச் சொன்னது?" என்றான்.

"வாசம் றோட்டில நிக்குது! கட்டாக்காலிக் கழுதை கூட வந்து வாசல்ல நிண்டது!"

"கழுதை வந்து மணந்து பாத்திட்டுப் போயிருக்கும். அது ஒண்டையும் அடைக்கேல்லையே."

"என்னைப் பேசுங்கோ, அடிச்செண்டாலும் போடுங்கோ. ஆனா இறங்காதேங்கோ. சாக்கு எல்லாத்தையும் இழுத்து எடுப்பம். நாளைக்கு மட்டும் காத்து ஓடட்டும்."

"நாளைக்கு அவங்கள் வந்து வாசல்ல நிக்கேக்க நான் துடுப்போட இறங்கட்டோ? இண்டைக்குக் கலக்கி மூடினாத்தான். ரெண்டு நிமிச வேலை. நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்குவன்."

"என்னது?"

"நாலு பாகம் ஆழத் தண்ணிக்கு அடியில சங்கு பொறுக்கினவன் நான். அங்க மட்டும் காத்து இருந்ததோ? மூச்சைப் பிடிச்சா விஷக்காத்து என்ன செய்யும்?"

இதுதான் கரையாரப் புத்தி. உள்நாட்டு மனுசன் என்றால் மெழுகுதிரி நூந்த இடத்தைப் பார்த்து ஓடிவிடுவான். கடலுக்குள் மூச்சை அடக்கப் பழகியவன், பூமிக்குள்ளும் அது கைகொடுக்கும் என்று நம்பினான். கடலுக்கடியில் ஆள் மிதப்பான், கை தானாக எழும்பும். இங்கே ஆள் நிற்க வேண்டும், குனிய வேண்டும், பலகைபோல இறுகிய தோலைத் துடுப்பால் குத்திக் கிழிக்க வேண்டும். வேலை செய்கிற உடம்பு மூச்சைக் கேட்கும். செலீனாவுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் கிடந்த வள்ளக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"அப்ப றோய் வரட்டும்," என்றாள்.

றோய் அவளுடைய தம்பி. நண்டு வலை எடுக்கக் கடலுக்குப் போயிருந்தான். லோறன்ஸ் சங்கு குளித்த பன்னிரண்டு வருசமும் வள்ளத்தில் இருந்து கயிறு பிடித்தவன் அவன்தான். அது அந்தக் கரையின் பழைய முறை. குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலி மறுமுனையில் தொங்கும்போது எவனும் கண் அயர மாட்டான், கயிற்றைக் கைவிடவும் மாட்டான்.

"றோய் வர மத்தியானம் ஆகும்."

"ஆகட்டும். இல்லாட்டி நான் பிடிக்கிறன்."

"பொம்பிளை கயிறு பிடிச்சு ஆர் குளிச்சது?"

"கயிறு இல்லாம ஒரு படி இறங்கினீங்களெண்டா, நானும் பின்னால இறங்குவன். யேசுவாணை."

அவளுடைய முகத்தைப் பார்த்து அவன் கயிற்றைக் கமக்கட்டுக்குக் கீழால் சுற்றி முடிந்தான். "ஒருக்கா இழுத்தா சுகம். ரெண்டு தரம் இழுத்தா நீ இழு. விளங்குதோ?" என்றான். பிறகு சிரித்தான். "செத்தவீட்டுக்குப் போட்டு வந்த கையோட என்ன பேச்சடி இது."

அவன் மூன்று தரம் நெஞ்சு நிறைய இழுத்து விட்டான். நாலாவதை உள்ளே அடக்கினான். கன்னம் புடைத்தது. துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, நெற்றியில் கட்டிய ரோச் வெளிச்சத்தோடு இறங்கினான்.

செலீனாவிடம் மணிக்கூடு இல்லை. அருள்நிறைந்த மரியே சொன்னாள். ஒன்று முடிந்தது. கயிறு ஒருதரம் இழுபட்டது. சுகம். இரண்டு. கீழே துடுப்பு குத்துகிற சத்தம் கேட்டது, தொப், தொப் என்று. நுரை சீறுகிற சத்தமும் கேட்டது. மூன்று. நாலு. கயிறு ஒருதரம் இழுபட்டது. ஐந்து. துடுப்பின் சத்தம் கெதியானது. அவசரப்படுகிறான் என்று நினைத்தாள். வாய் மரியேயைச் சொல்ல, மனம் ஏறி வாங்கோ ஏறி வாங்கோ என்றது. ஆறாவதின் நடுவில் கீழே ஒரு இருமல் கேட்டது.

மூச்சைப் பிடித்தவன் இருமமாட்டான்.

"இஞ்சாருங்கோ!"

துடுப்பு கல்லில் விழுந்து உருண்டது. கால் படியில் இடறி ஏறுகிற சத்தம் இரண்டு தரம் வந்தது. பிறகு ஈரச்சாக்கைப் போட்டதுபோல ஒரு சத்தம். கயிறு இரண்டு தரமும் இழுபடவில்லை, ஒருதரமும் இழுபடவில்லை. பாரமாகத் தொங்கியது.

அவள் இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தாள். எங்கேயோ ஒரு படியில் தோளோ கையோ கொழுவி நின்றுவிட்டது. "லோறன்ஸ்! லோறன்ஸ்!" இருபத்தாறு வருசத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிட்டங்கிச் சுவர் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. அவள் கயிற்றைத் தொல்பொருள் பலகையின் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சட்டைக்குள் இருந்த போனை எடுத்து றோய்க்கு அடித்தாள். மறுபக்கத்தில் இஞ்சின் சத்தம்தான் முதலில் வந்தது.

"றோய்! அத்தான் கிட்டங்கிக்குள்ள விழுந்திட்டாரடா! ஓடி வாடா!"

"என்ன? எங்கயக்கா?"

"கிட்டங்கிக்குள்ள, கீழ! பேச்சு மூச்சு இல்லை!"

"வாறன், வாறன், அழாத..." போன் கட்டானது.

அதன் பிறகு அவள் செய்தது அவளுக்கே நினைவில்லை. கால்கள் படியில் இருந்தன. மூன்றாவது படி. நாலாவது படி. ஐந்தாவதில் மூக்கு சுரீர் என்று எரிந்தது, சோடாவை ஒரே மடக்கில் குடித்தாற்போல. காதுக்குள் இரத்தம் இடித்தது. கீழே, ரோச் வெளிச்சத்தில், ஒரு கை தெரிந்தது. ஏழாம் எட்டாம் படியில் விரல்கள் விரிந்து கிடந்தன. கைக்கெட்டும் தூரம் போல இருந்தது. இன்னும் இரண்டே படி. குனிந்தால் பிடித்துவிடலாம்.

"தங்கச்சி! தங்கச்சி! ஏறுங்க மேல!"

பின்னால் ஒரு பிடி அவளுடைய தலைமயிரோடு சட்டையையும் சேர்த்து இழுத்தது. சிலாவத்துறை றஊப் நானா. வயலுக்குப் போகிற வழியில் அவளுடைய சத்தம் கேட்டு, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினை இஞ்சின் ஓட ஓட றோட்டிலேயே விட்டுவிட்டு பாய்ந்து வந்திருந்தார். அறுபது வயது. முசலிப் பக்கத்தில் அவர் இறங்காத கிணறு இல்லை.

"விடுங்கோ நானா! கை தெரியுது! பிடிச்சிடுவன்!"

"அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. மெழுகுதிரி எங்க நூந்தது?"

"ஏழில."

"ஏழு. அப்ப நீங்க குனிஞ்சா உங்கட தலை அதுக்குள்ள. ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தன் இறங்கித்தான் ஒரு வீட்டில மூணு மையத்து எடுக்கிறது, தங்கச்சி. நான் எடுத்திருக்கேன். காத்து வழி ஒண்டும் இல்லையா இதுக்கு?"

"இருந்தது. நான்தான்... நான்தான் அடைச்சனான்."

அவர் அவளை ஒருதரம் பார்த்தார். "எது பெரிசு?" என்றார்.

"கடல் பக்கம். ஜன்னல்."

"கயித்தை விடாதீங்க. இறங்கினீங்க எண்டா உங்களை நான் தூக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

அவர் மண்மேட்டால் சறுக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். கடல் கரையை அரித்து அரித்து, நிலவறையின் ஒரு பக்கச் சுவரையே வெளியில் எடுத்துவிட்டிருந்தது. மணலில் நின்றால் இடுப்புயரத்தில், ஓராள் உடம்பைச் சுருக்கி நுழையக்கூடிய அந்த ஜன்னல். அவர் காலால் உதைக்கிற சத்தமும், பலகை உள்ளே விழுகிற சத்தமும் செலீனாவுக்குக் கேட்டன. நிலவறைக்குள் சாம்பல் வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தில் அவன் கிடந்த கோலம் முழுதாகத் தெரிந்தது. தலை ஒரு பக்கம் தொங்கி, வாய் திறந்து. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

றஊப் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "திறந்தாச்சு. ஆனா அது காணாது. ஜன்னல் மேல, தரை ஓராள் பள்ளத்தில. மேல உள்ள காத்துத்தான் போகும். அடியில நிக்கிறது தண்ணி தொட்டியில நிக்கிற மாதிரி நிக்கும். இழுக்கிறதுதான் வழி. பிடிங்க. பிஸ்மில்லா."

இழுத்தார்கள். நகரவில்லை. கயிறு கையை அறுத்தது. "தோள் படியில கொழுவியிருக்கு," என்ற றஊப், வேலியில் இருந்த பந்தல் கம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மூச்சை அடக்கி நாலு படி மட்டும் இறங்கி, கம்பின் நுனியால் அந்தத் தோளை நெம்பினார். ஏறி வந்து மூச்சு விட்டார். மறுபடி இறங்கி நெம்பினார். மூன்றாம் தரம் தோள் புரண்டது. "இழுங்க!" செலீனா இழுத்தாள். அந்தப் பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. படிக்குப் படி தலை இடிபட்டு, முதுகு உரசி, லோறன்ஸ் வெயிலுக்கு வந்தான்.

முகம் ஈயம்போல இருந்தது. உதட்டில் நுரை. முழங்கைவரை சிவந்த சாறு. அவள் அதை இரத்தம் என்று நினைத்துக் கத்தினாள்.

"பழச்சாறு, தங்கச்சி, பழச்சாறு," என்றார் றஊப். பந்தலின் நிழலுக்கு இழுத்துப் போட்டு, தலையைச் சரித்து, இரண்டு கையாலும் நெஞ்சை அமத்தினார். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண எண்ண, அவள் ஆம்புலன்ஸுக்கு அடித்து, அரிப்பு, கிட்டங்கி, மனுசன், கெதியா, என்று நாலு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள். எவ்வளவு நேரம் என்றாள். அவர்கள் சொன்ன நேரத்தைக் கேட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் அந்த முகத்தில் இல்லை.

"அல்லாவே, இந்த மனுசனைத் தா. அல்லாவே, தா," என்று றஊப் அமத்திக்கொண்டே இருந்தார். வியர்வை அவர் தாடியிலிருந்து லோறன்ஸின் நெஞ்சில் சொட்டியது.

முதலில் வயிறு ஒருதரம் குழிந்தது. பிறகு, பழைய கதவு திறப்பதுபோல, தொண்டையில் ஒரு இழுப்பு. பிறகு வாந்தி. பிறகு மூச்சு.

செலீனா அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். மூச்சு குறட்டைபோல வந்துபோனது. வந்துபோனது. அடுத்தது வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். வந்தது. ஈயநிறம் மெல்ல மெல்லக் கறுத்து மனுச நிறமானது. ஒரு கண் பாதி திறந்தது. உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மூண்டு பரல்... கலக்கிப்போட்டன்."

அவள் அவனுடைய கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அறைந்த கையாலேயே அந்தக் கன்னத்தைத் தடவினாள். பிறகுதான் அழுகை வந்தது.

"அடிங்க, அடிங்க. அடி விளங்குது எண்டா ஆள் சரி," என்றார் றஊப். அவரும் நிலத்தில் குந்திவிட்டார். ஈரமாகிப்போன சாரத்தைத் தூக்கிப் பிடித்தார். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ட சாரம் எல்லாம் உங்கட இரசம். இப்படியே வீட்டுக்குப் போனா என்ட வீட்டுக்காரி உம்மு குல்சூம் என்னைப் படலை வாசலோட திருப்பி அனுப்புவா. நாற்பது வருசம் தொடாதவன் கிழட்டு வயசில எங்க போய் விழுந்தேன் எண்டு கேப்பா."

செலீனா அழுகையோடு சிரித்தாள். சோளகக் காற்று பந்தலுக்குள் புகுந்து இலையைப் புரட்டியது. கடலில் ஒரு இஞ்சின் சத்தம் கிட்ட வந்தது. இரைந்து இரைந்து வந்து, கிட்டங்கிக்குக் கீழே, கரையில் ஏறுகிற கடைசி உறுமலோடு நின்றது.

"றோய் வந்திட்டான்," என்றாள். கண்ணைத் துடைத்தாள். "இஞ்சாருங்கோ, றோய் வந்திட்டான். வரட்டும், நல்லா வாங்கிக் கட்டுவீங்கள்."

மண்மேட்டுப் பாதையைப் பார்த்தாள். கீழே கரையில் நிற்கிறவனுக்கு மேலே பந்தல் தெரியாது. ஆனால் ஏறிவர இருபது எட்டுத்தான். ஓடி வருகிறவனுக்கு அதுவும் இல்லை.

லோறன்ஸின் வாயைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். பாதையில் ஒருவரும் இல்லை.

"நங்கூரம் போடுறான் போல," என்றாள்.

றஊப் எழும்பி நின்றார். அவரும் அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறுவதை அவள் கண்டாள்.

"தங்கச்சி," என்றார் மெதுவாக. "போன்ல அவருக்கு என்னா சொன்னீங்க?"

"அத்தான் கிட்டங்கிக்குள்ள விழுந்திட்டார் எண்டு..."

"விஷக்காத்து எண்டு சொன்னீங்களா?"

அவள் போனைத் தேடினாள்.

"வெளியில எடுத்தாச்சு எண்டு பிறகு அடிச்சீங்களா?"

போன் அவளுடைய மடியிலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். எழும்பினாள். "நான் திறந்து விட்ட ஜன்னல்..." என்று றஊப் தனக்குத்தானே எதையோ சொல்லத் தொடங்கியதை அவள் கேட்கவில்லை. ஓடினாள். மண்மேட்டில் சறுக்கி விழுந்து, கையூன்றி எழும்பி ஓடினாள். "றோய்! றோய்!"

வள்ளத்தின் மூக்கு மணலில் ஏறிச் சரிந்து நின்றது. நங்கூரம் போடவில்லை. அலை ஒவ்வொன்றும் அதைப் பின்னால் இழுத்துப் பார்த்தது. வலையில் நண்டுகள் உயிரோடு கரகரவென்று அசைந்தன. வள்ளத்திலிருந்து சுவர்வரைக்கும் ஈர மணலில் வெறுங்கால் தடம் நீட்டு நீட்டாக ஓடியிருந்தது. ஜன்னல் வரைதான் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அவள் ஜன்னல் கல்லை இரண்டு கையாலும் பிடித்தாள். அதில் மணல் ஒட்டியிருந்தது, இன்னும் ஈரமாக. உள்ளேயிருந்து இனிப்பும் புளிப்புமாக வாசம் முகத்தில் வந்து முட்டியது. தலையை நீட்டினாள். நாலாவது பரலில் நுரை பொரிந்துகொண்டிருக்கிற சத்தம் மட்டும் கீழே கேட்டது. பின்னால் மண்மேட்டில் றஊப் ஓடி வருகிற சத்தம். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டுக்குள் ஒன்றும் பிடிபடவில்லை.

"றோய், அத்தான் வெளியில கிடக்கிறாரடா, மூச்சு வந்திட்டுது. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை, தம்பி, நீ ஏறி வா."